கடைசி வரிக்குப் பின்னால் ஒரு பைட்டு

கணினியில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யும் முனையத்தைத் திறந்து, இரண்டு பெயர்களை வரிக்கு ஒன்றாகப் பிரின்ட்எஃப் கட்டளையால் எழுதுங்கள். இரண்டாவது பெயருக்குப் பின்னால் எதையும் சேர்க்க வேண்டாம். அதை அப்படியே டபிள்யூசி கட்டளைக்கு அனுப்பி, எல் தெரிவைக் கொடுத்து வரிகளை எண்ணச் சொன்னால், விடை 1 என்று வரும். அதே உள்ளீட்டை, உரையை வரிவரியாகக் கையாளும் ஆக் கட்டளையிடம் கொடுத்து எண்ணச் சொன்னால் 2 என்கிறது. செட், கிரெப் ஆகிய கட்டளைகளும் 2 என்றே சொல்கின்றன. கண்ணுக்குத் தெரிபவையும் இரண்டு பெயர்கள்தான். முதன்முறையாக இதைப் பார்ப்பவர்கள் டபிள்யூசியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 1971 இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற் பதிப்பிலேயே இருந்த ஒரு கட்டளைக்கு இன்னும் இரண்டு வரை எண்ணத் தெரியவில்லை என்று நம்புவதற்கு முன்னர், அது எதை எண்ணித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. இந்த வழக்கில் நான் டபிள்யூசியின் பக்கம். கோளாறு எங்கேயாவது இருக்குமானால் அது கோப்பில் இருக்கிறது.

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை இந்த விடயத்தில் எந்த மயக்கத்துக்கும் இடம் வைக்கவில்லை. எழுத்துகள் எத்தனை இருந்தாலும், எழுத்தே இல்லாவிட்டாலும், இறுதியில் ஒரு வரிமுடிவுக் குறி வந்தால்தான் அது வரி. அந்தக் குறி, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 10 ஆம் எண்ணைக் கொண்ட ஒற்றைப் பைட்டு. குறி வராமலே கோப்பு முடிந்துவிட்டால், கடைசியில் எஞ்சி நிற்கும் எழுத்துகளை அந்தத் தரநிலை வரி என்று அழைப்பதில்லை. ‘முற்றுப்பெறாத வரி’ என்று அதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. டபிள்யூசியின் எல் தெரிவைப் பற்றிச் சொல்லும் இடத்திலும், கோப்பிலுள்ள வரிமுடிவுக் குறிகளின் எண்ணிக்கையை எழுதவேண்டும் என்றுதான் இருக்கிறது. இதனால் அதன் வேலை மிகவும் எளிமையானது: கோப்பை முதலிலிருந்து இறுதிவரை பார்த்து, 10 என்ற பைட்டு எத்தனை முறை வருகிறது என்று சொல்லவேண்டும். எழுத்து எந்த மொழியுடையது, சொல் எங்கே பிரிகிறது என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. டபிள்யூசி போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான குனு கோர்யூட்டில்ஸின், 2021 இல் வெளியான 9.0 பதிப்பில், ஒரே நேரத்தில் 32 பைட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் செயலி வசதியை இந்த எண்ணிக்கைக்குப் பயன்படுத்த முடிந்ததும் அந்த எளிமையால்தான்.

உண்மையில் இங்கே இரண்டு கொள்கைகள் மோதுகின்றன. ஒரு கொள்கையின்படி வரிமுடிவுக் குறி முற்றுப்புள்ளியைப் போன்றது. ஒவ்வொரு வரிக்கும் ஒன்று, கடைசி வரிக்கும் ஒன்று. மற்றக் கொள்கையின்படி அது காற்புள்ளியைப் போன்றது. இரண்டு வரிகளுக்கு இடையில் நிற்கும், கடைசியில் தேவையில்லை. இரண்டாவது கொள்கை இயல்பானதாகத் தோன்றினாலும், அதற்கு ஒரு பெரிய குறை உண்டு: பூச்சியம் வரிகளை அதனால் எழுதிக்காட்ட முடியாது. எதுவுமே இல்லாத கோப்பு, அந்தக் கொள்கையின்படி, ஒரு வெற்று வரியைக் கொண்ட கோப்பு. பைத்தன் மொழியில் வெற்றுச் சரம் ஒன்றை வரிமுடிவுக் குறியால் பிரிக்கும்படி ஸ்பிளிட் செயற்கூற்றிடம் சொன்னால், ஒரேயொரு வெற்று உறுப்பைக் கொண்ட பட்டியல் கிடைக்கும். ஸ்பிளிட்லைன்ஸ் செயற்கூறு அதே வெற்றுச் சரத்துக்கு வெறும் பட்டியலைத் தரும். உறுப்பினர் எவரும் இல்லாத சங்கமும், பெயரில்லாத ஓர் உறுப்பினரைக் கொண்ட சங்கமும் ஒன்றல்ல என்பதைக் கணக்குப் பார்ப்பவர்கள் எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

சங்கத்தைச் சும்மா சொல்லவில்லை. கொழும்பில் ஒரு நலன்புரிச் சங்கத்துக்கு, கிளைகள் அனுப்பும் உதவித்தொகைப் பட்டியல்களை ஒன்றாக்கிக் கொடுக்கும் வேலையை ஓய்வு நேரத்தில் செய்துவருகிறேன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களிலிருந்து கோப்புகள் வரும்; சில எக்செலிலிருந்து, சில நோட்பேடிலிருந்து, சில எவரோ எப்போதோ எழுதிக்கொடுத்த ஒரு நிரலிலிருந்து. ஒரு மாதம் கணக்குகளைப் பார்க்கும் அக்கா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நாங்கள் தந்தது 214 பேர். உங்கட பக்கம் 213 தான் நிக்குது. ஆரை விட்டனீங்கள்?” ஒருவர் மட்டும் குறைகிறார் என்றால் முதலில் பார்க்கவேண்டிய இடம் பட்டியலின் அடி. “கடைசிப் பெயரைப் பாருங்கோ அக்கா,” என்றேன். அந்தப் பெயருக்குத்தான் கொடுப்பனவு போயிருக்கவில்லை.

கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல்லுக்கு எழுதும் நிரல்களில், கோப்பொன்றை வரிவரியாக வாசிப்பதற்கு எல்லோரும் எழுதும் வடிவம் ஒன்று உண்டு: ரீட் கட்டளை வெற்றியடைந்துகொண்டிருக்கும்வரை சுழன்றுகொண்டிரு என்பது அது. ரீட் கட்டளை வரிமுடிவுக் குறியைக் காணாமல் கோப்பின் இறுதியை அடைந்தால், அதுவரை கிடைத்த எழுத்துகளை மாறி எனப்படும் நினைவிடத்தில் வைத்துவிட்டுத் தோல்வி என்று அறிவிக்கும். மாறிக்குள் பெயர் இருக்கிறது. ஆனால் சுழற்சி அத்துடன் நின்றுவிடுகிறது. கிளையிலிருந்து வந்த கோப்பின் கடைசி வரியில் குறி இல்லாததால், அந்த நிரல் 213 பேரைத்தான் கையாண்டது. அதைச் சரிபார்ப்பதற்காக நிரலை எழுதியவர் வைத்திருந்த சோதனை டபிள்யூசி. அதுவும் 213 என்றது. இரண்டும் பொருந்தியதால் எச்சரிக்கை எதுவும் எழவில்லை. ஒரே கொள்கையைப் பின்பற்றும் இரண்டு கருவிகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்போது அந்தச் சாட்சியத்துக்குப் பெறுமதி இல்லை; ஒன்று டபிள்யூசியாகவும் மற்றது ஆக் ஆகவும் இருந்திருந்தால் வேறுபாடு அங்கேயே தெரிந்திருக்கும். ரீட் தோற்றாலும் மாறி வெறுமையாக இல்லாவிட்டால் தொடர்ந்து செய் என்று ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதே இதற்கு வழமையான மருந்து. பட்டியல்கள் ஆங்கில அகரவரிசையில் வருவதால், இந்தக் கோளாறு எப்போதும் பிடித்துக்கொள்வது வை, இஸட் ஆகிய எழுத்துகளில் தொடங்கும் பெயருடையவர்களை. நமது ஊரில் அவர்கள் பெரும்பாலும் யோகத்தில் தொடங்கும் தமிழ்ப் பெயர்க்காரர்களும் ஸைனப் போன்ற பெயருடைய முஸ்லிம் பெண்களும் என்பது எவரும் திட்டமிடாத அநியாயம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் நான் ஏன் டபிள்யூசியின் பக்கம் நிற்கிறேன் என்று கேட்கலாம். காரணம் கூட்டல். மூன்று கிளைகளின் கோப்புகள் ஒவ்வொன்றிலும் 40 பெயர்கள் இருக்கின்றன, எந்தக் கோப்பின் இறுதியிலும் குறி இல்லை என்று வைத்துக்கொள்வோம். டபிள்யூசி ஒவ்வொன்றுக்கும் 39 என்று சொல்லும், கூட்டுத்தொகை 117. மூன்றையும் கேட் கட்டளையால் இணைத்து ஒரே கோப்பாக்கி எண்ணினாலும் 117 தான். ஆக் கட்டளையோ தனித்தனியாக 40, 40, 40 என்று 120 சொல்லிவிட்டு, இணைத்த கோப்புக்கு 118 என்கிறது. எங்கே போயின இரண்டு? கொட்டாஞ்சேனையின் கடைசிப் பெயரும் வெள்ளவத்தையின் முதற் பெயரும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டன. அடுத்த இணைப்பிலும் அதுவே நடந்தது. இரண்டு கோப்புகளை அடுத்தடுத்து வைத்தால் அவற்றின் எண்ணிக்கைகள் அப்படியே கூடவேண்டும் என்பது எண்ணிக்கை ஒன்றிடம் நாம் எதிர்பார்க்கக்கூடிய மிகக் குறைந்த ஒழுக்கம். பைட்டுகளை எண்ணுவதால் டபிள்யூசிக்கு அது எப்போதும் வாய்க்கிறது. எஞ்சியதையும் ஒரு வரியாகக் கணக்கிடும் கருவிகளுக்கு, எல்லாக் கோப்புகளும் ஒழுங்காக முடிந்திருந்தால் மட்டுமே வாய்க்கிறது. கேட் கட்டளை இடையில் தானாக ஒரு குறியைச் சேர்த்திருக்கலாமே என்றால், அது படங்களையும் சுருக்கிய கோப்புகளையும் கூட இணைக்கும் கருவி. அவற்றில் ஒரு பைட்டைக் கூட்டினாலும் எல்லாம் பாழ்.

மற்றக் கருவிகள் ஒவ்வொன்றும் இந்த எஞ்சிய துண்டை ஒவ்வொரு விதமாக நடத்துகின்றன. குனுவின் செட், குறி இல்லாமல் வந்ததைக் குறி இல்லாமலே வெளியிடும். வரிகளை வரிசைப்படுத்தும் சோர்ட் அப்படிச் செய்ய முடியாது; கடைசியில் இருந்த பெயர் நடுவே போகவேண்டி வரலாம் என்பதால், குறியைத் தானே சேர்த்துவிடுகிறது. ஆகவே ஒரு கோப்பை நேரடியாக டபிள்யூசியால் எண்ணினால் 213, சோர்ட் வழியாக அனுப்பி எண்ணினால் 214. வரிசைப்படுத்தினால் ஒரு வரி கூடுகிறது என்பதைக் காரணம் தெரியாமல் பார்ப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாக்கும் யூனிக் கட்டளையும் குறியைச் சேர்க்கும். கோப்பைத் தலைகீழாக்கும் டாக் கட்டளை எல்லாவற்றிலும் விநோதமானது: குறி இல்லாத கடைசித் துண்டை முதலில் எழுதிவிட்டு, அதற்கு முந்தைய வரியை அதனோடு ஒட்டியே எழுதும். ஷெல்லுக்கு இரண்டு முகங்கள். ஒரு கட்டளையின் வெளியீட்டை மாறிக்குள் வாங்கும்போது, இறுதியிலுள்ள வரிமுடிவுக் குறிகள் எத்தனை இருந்தாலும் அத்தனையையும் உரித்துவிடும். எக்கோ மூலம் அதை வெளியே எழுதும்போது ஒன்றைச் சேர்த்துவிடும். கடவுச்சொல்லையோ, அதிலிருந்து கணக்கிடும் ஹாஷ் என்ற குறியீட்டையோ எக்கோ கட்டளையால் ஆக்கிப் பார்த்து, ஏன் பொருந்தவில்லை என்று மணிக்கணக்காகத் தேடுபவர்களின் துன்பம் இந்த இரண்டாவது முகத்திலிருந்து வருகிறது.

குறி இல்லாத கோப்பை வெளிப்படையாகக் கண்டிப்பவையும் உண்டு. இரண்டு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் கட்டளையும், அதைப் பின்பற்றி, கோப்பு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியும், இறுதியில் வரிமுடிவு இல்லை என்று ஒரு தனிக் குறிப்பை எழுதுகின்றன. அப்படிப்பட்ட கோப்பின் அடியில் நீங்கள் புதிதாக ஒரு வரியைச் சேர்த்தால், நீங்கள் தொடாத முந்தைய வரியும் மாறியதாகக் காட்டப்படும். அதன் பழியும் வரலாற்றில் உங்கள் பெயரிலேயே விழும். லினக்ஸில் ஒரு வகையான டெபியனில், குறித்த நேரங்களில் கட்டளைகளை ஓட்டும் க்ரொன் அட்டவணையின் கடைசிப் பதிவு குறியோடு முடியாவிட்டால், அந்த அட்டவணையை நிறுவவே அது மறுக்கிறது. விம் என்ற உரைத்தொகுப்பி, சேமிக்கும்போது தானாகவே குறியைச் சேர்த்துவிடும். விஷுவல் ஸ்டூடியோ கோட் தொகுப்பி அப்படிச் சேர்க்கவேண்டுமானால் அமைப்பில் சொல்லவேண்டும். அதோடு, ஒழுங்காக முடிந்த கோப்பின் அடியில் வெறுமையான இன்னொரு வரிக்கும் அது எண் இட்டுக் காட்டுவதால், 214 பெயர்கள் கொண்ட கோப்பை 215 என்று வாசித்துவிட்டு முறைப்பாடு செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கொழும்பில் வேலை செய்பவருக்கு இதைவிடச் சுவையான பகுதி ஒன்று இருக்கிறது. நமது பட்டியல்களில் தமிழும் சிங்களமும் கலந்து வரும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்டிருந்தால் கவலை இல்லை. 1992 இல் கென் தாம்சனும் ரொப் பைக்கும் அதை வடிவமைத்தபோது, ஆஸ்கி அல்லாத எந்த எழுத்தின் எந்தப் பைட்டும் 128 க்குக் குறையாதபடி பார்த்துக்கொண்டார்கள். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் (‘கி’ என்றால் இரண்டு குறிகள்) மூன்று பைட்டுகளை எடுத்துக்கொண்டாலும், அவற்றுக்குள் 10 ஒளிந்திருக்க முடியாது. ஆனால் எக்செலில் யூனிகோட் உரை என்ற வடிவத்தைத் தெரிவுசெய்து சேமித்தால் கிடைப்பது யூடிஎஃப்-16. அதில் நமது எழுத்துக் குறி ஒவ்வொன்றும் இரண்டு பைட்டுகள். மேற்பைட்டு அந்த எழுத்து எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். இந்தத் தொகுதிகள் அடுத்தடுத்து இருக்கும் விதத்தைப் பாருங்கள். தேவநாகரிக்கும் வங்காளத்துக்கும் மேற்பைட்டு 9. குர்முகிக்கும் குஜராத்திக்கும் 10. ஒடியாவுக்கும் தமிழுக்கும் 11. தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் 12. மலையாளத்துக்கும் சிங்களத்துக்கும் 13. ஆஸ்கியில் 9 என்பது டாப், 10 வரிமுடிவு, 11 செங்குத்து டாப், 12 பக்கமுடிவு, 13 கேரேஜ் ரிட்டர்ன். இடைவெளிக் குறிகள் என்று கருவிகள் கருதும் அந்த ஐந்து எண்களின் மேலேயே நமது துணைக்கண்டத்தின் எழுத்துகள் போய் அமர்ந்திருக்கின்றன. இதில் சதி எதுவும் இல்லை. இரண்டு அட்டவணைகள் தற்செயலாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததுதான்.

இதன் விளைவு என்னவென்றால், யூடிஎஃப்-16 இல் உள்ள குஜராத்திக் கட்டுரை ஒன்றை டபிள்யூசியிடம் கொடுத்தால், எழுத்துக்கு ஒரு வரி என்று எண்ணித் தரும். தமிழும் சிங்களமும் இந்த எண்ணிக்கையில் தப்பித்துவிடுகின்றன. அவற்றின் கீழ்ப்பைட்டுகளும் 128 க்கு மேற்பட்டவை. ஆனால் சிங்களத்துக்கு வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. விண்டோஸ் கோப்புகளில் வரியின் முடிவில் 13, 10 என்று இரண்டு குறிகள் சேர்ந்து வருவதால், லினக்ஸுக்குக் கொண்டுவந்தவுடன் 13 ஐ எல்லாம் நீக்கிவிடுவது பலருக்குக் கைப்பழக்கம். யூடிஎஃப்-16 கோப்பில் அதைச் செய்தால் சிங்கள எழுத்து ஒவ்வொன்றும் பாதியாகிவிடும். ஸ்ரீ லங்கா என்று சிங்களத்தில் எழுதும்போது இடையில் வரும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியின் கீழ்ப்பைட்டும் 13 என்பதால், அதுவும் போய்விடும். பறிபோன பைட்டுகள் ஒற்றைப்படையாக இருந்தால், அடுத்து வரும் தமிழ்ப் பெயர்களின் இணைகளும் ஒரு பைட்டு நகர்ந்து, எந்த மொழியும் அல்லாத ஒன்றாக மாறிவிடும். எனவே முதலில் ஐகொன்வ் கட்டளையால் யூடிஎஃப்-8 க்கு மாற்றவேண்டும். வரிமுடிவுகளைத் தொடுவதும் எண்ணுவதும் அதற்குப் பிறகுதான்.

எண்ணிக்கை மறுபக்கமும் பிசகும். புலங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்புகளைப் பற்றி 2005 இல் வெளிவந்த ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணம், கடைசிப் பதிவின் முடிவில் வரிமுடிவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று இரண்டுக்கும் அனுமதி கொடுத்துவிட்டது. மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் புலத்தில் வரிமுடிவு வருவதையும் ஏற்றுக்கொள்கிறது. வீட்டிலக்கம் ஒரு வரி, காலி வீதி ஒரு வரி, கொழும்பு 06 ஒரு வரி என்று ஒரே கட்டத்துக்குள் முகவரியை அடுக்கி எழுதுவது இங்கே வழக்கம். அப்படி ஒரு முகவரி இருந்தால் டபிள்யூசி இரண்டு வரிகளைக் கூடுதலாக எண்ணும், ஆக்கும் அப்படித்தான். இதற்கு எந்த வரி எண்ணும் கருவியும் உதவாது. சிஎஸ்வியை அதன் இலக்கணத்தோடு வாசிக்கும் ஒரு நிரல் நூலகத்திடம் கொடுத்துப் பதிவுகளை எண்ணவேண்டும்.

இறுதிக் குறியின் உண்மையான பயனை நான் கருதுவது வேறிடத்தில். ஒரு கோப்பு இணையத்தின் வழியாக வரும்போது பாதியில் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியின் இறுதியில் 15000 என்ற தொகை நிற்கிறது. அதன் பின்னால் எதுவும் இல்லை. அது 15000 தானா, அல்லது 150000 இல் ஒரு பூச்சியம் வந்துசேராமல் போனதா? வரிக்கு ஒரு குறி என்ற கொள்கையில் இருப்பவருக்கு, குறி இல்லாததே அந்தத் தொகையை நம்பக்கூடாது என்பதற்குப் போதுமான அறிவிப்பு. இடையில் மட்டும் குறி வைப்பவருக்கு அந்த அறிவிப்பு கிடைப்பதில்லை. இரண்டு நிலைகளும் அவருக்கு ஒன்றுபோலவே தெரியும். குறிக்குச் சரியாகப் பின்னால் அறுந்த கோப்பை இந்த முறையாலும் பிடிக்க முடியாது என்பது உண்மை. அதனால் கிளைகளிடம் கோப்போடு பெயர்களின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் தனியாக அனுப்பும்படி கேட்கிறோம்.

ஒரு கோப்பு ஒழுங்காக முடிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு, ஷெல்லின் உரித்தெடுக்கும் குணமே கைகொடுக்கிறது. டெயில் கட்டளையிடம் கடைசிப் பைட்டை மட்டும் கேட்டு அதை மாறிக்குள் வாங்கினால், அது வரிமுடிவுக் குறியாக இருக்கும்போது உரிக்கப்பட்டு வெறுமையாகிவிடும். வேறு எதுவாக இருந்தாலும் எஞ்சி நிற்கும். மாறி வெறுமையாக இல்லையென்றால் குறி இல்லை. யூடிஎஃப்-16 இல் கடைசிப் பைட்டு பூச்சியமாக இருக்கக்கூடும் என்பதால், இந்தச் சோதனையும் யூடிஎஃப்-8 க்கு மாற்றிய பிறகே செல்லும். குறி இல்லாத கோப்பை என்ன செய்வது என்பதில் நான் ஆளையும் இயந்திரத்தையும் வேறாக நடத்துகிறேன். நோட்பேடில் கையால் தட்டச்சுச் செய்து அனுப்பிய பட்டியலாக இருந்தால், கடைசியில் என்டர் விசையை அழுத்தவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் நடந்திருக்க வாய்ப்பில்லை. ஆக் வழியாக ஒருமுறை அனுப்பினால் குறி சேர்ந்துவிடும், கிளையின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுவிட்டு ஏற்றுக்கொள்கிறேன். நிரலொன்று தானாக ஆக்கி அனுப்பும் கோப்பு குறி இல்லாமல் வந்தால் அதைத் திருத்துவதில்லை. அந்தக் கோப்பை ஒதுக்கிவைத்து, மீண்டும் அனுப்பும்படி கிளைக்குச் செய்தி போகிறது. இரண்டாவது முறையும் அப்படியே வந்தால், அந்த நிரலை எழுதியவரைக் கூப்பிட்டு, வரிகளுக்கு இடையில் மட்டும் குறி வைத்து ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.